முதலில் குண்டு, அப்புறம் ராடு: நூறு கிராம் ஈயம் வார்த்து எண்ணூர்க் கரையில் வீசுவது

கடையில் பளபளவென்று இருக்கும் தூண்டில் ராடை முதலில் வாங்குவது, அதற்கு ஒரு ரீலை மாட்டுவது, கடைசியில் கரைக்குப் போகும் வழியில் கிடைத்த ஈயக் குண்டைக் கட்டி வீசுவது. பெரும்பாலானவர்கள் தூண்டில் தொடங்குவது இந்த வரிசையில்தான். குண்டு அலை உடையும் நுரையிலேயே விழும், இரண்டு நிமிடத்தில் உருண்டு கரைக்கே திரும்பி வரும். பழி ராடு மேல் போகும். உண்மையில் வரிசைதான் தலைகீழ். எந்தக் கரையில் நிற்கப்போகிறோம், அங்கே எத்தனை கிராம் குண்டு தரையைப் பிடித்து நிற்கும் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். ராடு, ரீல், நரம்பு (தூண்டில் நூல்) மூன்றும் அந்த எடைக்குப் பின்னால் வர வேண்டியவை.

வடசென்னையில் காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை நமக்குக் கிடைப்பது மெரினா மாதிரி அகலமான மணல் இல்லை. சென்னைத் துறைமுகம் வந்த பிறகு தெற்கே மணல் சேர்ந்தது, வடக்கே கரை அரித்தது. அதனால் ராயபுரம் தாண்டி நீளத்துக்குக் கருங்கல் சுவர், நடுநடுவே கடலுக்குள் நீளும் தூண்டில் வளைவுகள், வளைவுகளுக்கு இடையே கொஞ்சம் மணல். மணலிலிருந்து வீசினால் எதிரி நீரோட்டம். தெற்கிலிருந்து வடக்கே ஓடும் தெண்டி, வடக்கிலிருந்து தெற்கே ஓடும் வன்னி, இரண்டில் எது ஓடினாலும் ஐம்பது கிராம் குண்டை இழுத்துக்கொண்டு போய் வளைவுக் கல்லில் செருகிவிடும். எண்ணூர் முகத்துவாரத்துக்கு உள்ளே, ஆற்றுப் பக்கம் என்றால் 40 கிராம் தாராளம். திறந்த கடலுக்கு 100 கிராம். வாடைக் காலத்தில் 150 கேட்கும், ஆனால் அந்த அலையில் கல்மேல் ஏறி நிற்பதே தப்பு. ஆகவே ஒரே ஒரு ராடு வாங்கும் வசதிதான் என்றால் 100 கிராமை மையமாக வைத்துக்கொள்ளுங்கள்.

ராடு அடிப்பகுதியில் எத்தனை எடை வீசலாம் என்று அச்சிட்டிருக்கும். சிலவற்றில் கிராம், சிலவற்றில் அவுன்ஸ். ஒரு அவுன்ஸ் 28 கிராம் என்று பெருக்கிக்கொள்ளலாம்; 3 முதல் 5 அவுன்ஸ் என்றால் 85 முதல் 140 கிராம். அந்த மேல் எல்லை குண்டுக்கு மட்டும் இல்லை, இரையையும் சேர்த்து. 100 கிராம் குண்டு, அதோடு 20 கிராம் இறால் என்றால் 120 தாங்கும் ராடு வேண்டும். நீளம் 11 அல்லது 12 அடி. அலை உடையும் இடத்துக்கு மேலாக நரம்பைத் தூக்கிப் பிடிக்க அந்த நீளம் தேவை.

குறைந்த விலையில் மூன்று வகை கிடைக்கும். ஆறு, ஏழு அடியில் திடமான ஃபைபர் கம்பு: லேசில் முறியாது, படகிலிருந்து இறக்க நல்லது, ஆனால் கரையிலிருந்து வீச உதவாது. ஒன்றுக்குள் ஒன்று செருகும் ஆன்டெனா மாதிரி ராடு: பைக்கில் கொண்டுபோக வசதி, அதனாலேயே அதிகம் விற்கிறது. மூட்டில் ஒரு சிட்டிகை மணல் போனால் இறுகிக்கொள்ளும். வேகமாக வீசும்போது ஏதாவது ஒரு துண்டு உள்ளே வழுக்கும். மூன்றாவது, இரண்டு துண்டாகக் கழற்றும் ராடு. கொண்டுபோவது தொல்லைதான். இருந்தாலும் 100 கிராமை முழு பலத்தோடு வீச இதைத்தான் வாங்க வேண்டும். கார்பன் அதிகம் கலந்தது எடை குறைவாக, விறைப்பாக இருக்கும். ஆனால் கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். மேலே மின்கம்பி போகும் இடத்திலும், இடி இடிக்கும்போதும் அதைத் தூக்கிக்கொண்டு நிற்கக்கூடாது.

கடையிலேயே பார்க்க வேண்டியவை சில உண்டு. ராடை மூட்டி, அடியிலிருந்து ஒற்றைக் கண்ணால் பாருங்கள், நரம்பு ஓடும் வளையங்கள் எல்லாம் நேர்கோட்டில் வர வேண்டும். ஒரு துணுக்குப் பஞ்சை ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் சுற்றித் தேயுங்கள். பஞ்சு எங்கே மாட்டுகிறதோ அங்கே விரிசல். அந்த விரிசல்தான் பிறகு நரம்பை அறுக்கும். மூட்டைப் பிடித்து ஆட்டினால் 'டக் டக்' என்று சத்தம் வரக்கூடாது.

ரீலில் 5000 அல்லது 6000 என்ற அளவு எண் போதும். எத்தனை பேரிங் என்று டப்பாவில் பெரிதாகப் போட்டிருப்பது விளம்பரம். கைப்பிடியைப் பின்பக்கம் சுற்றிப் பாருங்கள், ஒரு நூல் கூடத் திரும்பாமல் நிற்க வேண்டும். நரம்பைச் சுற்றித் தரும் வளைகம்பி இருபது தடவை திறந்து மூடினாலும் ஒரே மாதிரி விழ வேண்டும். மொத்தம் நாலாயிரம் ரூபாய் கையில் இருந்தால் ராடுக்கும் ரீலுக்கும் தலா ஆயிரத்து ஐந்நூறு, மீதியை நரம்பு, தூண்டில் முள், சுவிவல் (நரம்பு முறுக்கிக்கொள்ளாமல் சுழலும் இணைப்பு), வார்ப்பு அச்சு இவற்றுக்குப் பிரிப்பது புத்திசாலித்தனம். நரம்பில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

நரம்பு 0.35 மி.மீ. தங்கூஸ் (ஒற்றை இழை நைலான்), 200 மீட்டர். சுருளின் விளிம்புக்கு 2 மி.மீ. கீழே வரை நிறைய வேண்டும். பாதி காலியான சுருளிலிருந்து நரம்பு விளிம்பில் உரசி உரசி வெளியேறும், தூரம் குறையும். இதைச் சரி செய்தாலே சிலருக்குப் பத்து மீட்டர் கூடிவிடும். விலை குறைந்த பிரெய்டு (பின்னிய இழை) நரம்பு கருங்கல்லில் பட்ட மாத்திரத்தில் அறுகும், இந்தக் கரைக்கு வேண்டாம்.

0.35 நரம்பு ஏழு எட்டு கிலோ தாங்கும். மீனுக்கு அது போதும், வீச்சுக்குப் போதாது. 100 கிராம் குண்டை முழு வேகத்தில் சுழற்றும் கணத்தில் நரம்பு அறுந்தால் அந்தக் குண்டு துப்பாக்கித் தோட்டாதான். பக்கத்தில் குழந்தைகள் நிற்கும் கரை இது. எனவே முனையில் லீடர், அதாவது தடித்த நரம்புத் துண்டு ஒன்றைக் கட்டியே தீர வேண்டும். கணக்கு எளிது: குண்டின் ஒவ்வொரு அவுன்ஸுக்கும் 10 பவுண்டு. 100 கிராம் மூன்றரை அவுன்ஸ், அதாவது 35 பவுண்டு. 40 பவுண்டு லீடர் வாங்குங்கள், 18 கிலோ தாங்கும். நீளம் ராடைப் போல் இரு மடங்கு, அதோடு சுருளில் ஆறு சுற்று. 12 அடி ராடுக்கு ஒன்பது மீட்டர். முடிச்சைச் சின்னதாக இறுக்கி, எச்சில் தொட்டு இழுத்து, வாலை ஒட்ட வெட்டிவிட வேண்டும். வால் நீண்டிருந்தால் வளையத்தில் தட்டும்.

இனி ஈயம். மருந்து கெட்டித்துச் சுடும் பழைய துப்பாக்கிக்கு ஈய உருண்டை வார்ப்பதும் கிட்டத்தட்ட இதே கைவேலைதான். அங்கே மாசில்லாத மெத்தென்ற ஈயம் கட்டாயம். நம் ஊரில் அதைச் செய்ய ஆயுதச் சட்டப்படி உரிமமும் கட்டாயம், அந்தப் பக்கம் போகவே வேண்டாம். தூண்டில் குண்டுக்கு உரிமமும் தேவையில்லை, ஈயத்தின் தரத்திலும் அவ்வளவு கறார் இல்லை. கடினமாக இருந்தாலும் மென்மையாக இருந்தாலும் தண்ணீரில் மூழ்கினால் சரி.

ஈயம் என்றால் எந்த ஈயம்? ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயம், 232 டிகிரியில் உருகும், விலை அதிகம். நமக்கு வேண்டியது காரீயம். 327 டிகிரியில் உருகும், ஒரு கன செ.மீ. 11.34 கிராம். இரண்டும் ஒரே பெயரில் ஓடுவதால் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது: காரீயம் உருக்கிய சட்டியும் கரண்டியும் ஒருநாளும் சமையலறைக்குத் திரும்பக்கூடாது.

காயலான் கடையில் ஈயத் தகடு, பழைய ஈயக் குழாய், ஈய உறை போட்ட கேபிள் கிடைக்கும், இவை சுத்தமானவை. டயர் கடைகளில் கழற்றிப் போடும் வீல் வெயிட் (சக்கரத்தைச் சமன் செய்ய மாட்டும் சின்ன எடைக்கட்டி) இன்னொரு வழி. இதில் ஈயத்தைக் கடினமாக்கும் ஆன்டிமனி என்ற உலோகம் கொஞ்சம் கலந்திருக்கும், வார்க்க அருமையாக ஓடும். ஆனால் இப்போது வருவதில் துத்தநாகமும் இரும்பும் கலந்தே கிடக்கும். காந்தம் வைத்து இரும்பை எடுத்துவிடுங்கள். மிச்சத்தைக் கட்டிங் பிளேயரால் கடித்துப் பாருங்கள், ஈயத்தில் பல் பதியும், துத்தநாகத்தில் பதியாது. சிமென்ட் தரையில் போட்டால் ஈயம் 'தொப்', துத்தநாகம் 'டிங்'. துத்தநாகம் 419 டிகிரியில்தான் உருகும், எனவே கண்ணில் படாமல் ஒன்றிரண்டு போனாலும் சட்டியைச் சூடேற்றிக் கெடுக்காத வரை மேலே மிதக்கும், அள்ளி எறியலாம். சூடு ஏறிக் கலந்துவிட்டால் ஈயம் கூழ் மாதிரி திரிந்து அச்சுக்குள் ஓடாது. மூடிய அச்சகங்களிலிருந்து வரும் அச்சு எழுத்து ஈயமும் சில நேரம் காயலான் கடைக்கு வரும். அது ஆன்டிமனியும் வெள்ளீயமும் சேர்ந்தது, எடை குறைவு. எழுத்தைக் கையில் எடுத்துப் பார்த்த பிறகு உருக்க மனமும் வராது.

பழைய பேட்டரியை மட்டும் தொடாதீர்கள். தட்டுகளில் அமிலமும் ஈய சல்பேட்டும் இருக்கும், ஆர்செனிக் கலந்திருக்க வாய்ப்புண்டு. அதிலிருந்து வரும் கசடு ஈரம் பட்டால் விஷ வாயு விடும்.

அச்சுக்குப் பலரும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸைச் சொல்வார்கள். மலிவுதான். கடலோரத்தில் அது இரவு முழுக்க ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும், காய்ந்துவிட்டதாகத் தெரியும், காய்ந்திருக்காது. உருளைக்கிழங்கைக் குடைந்து ஊற்றலாம் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். ஒருமுறை செலவு செய்து அலுமினியத்தில் அச்சு போடுவதே மேல். 50 மி.மீ. விட்டமுள்ள அலுமினிய உருளைத் துண்டு 45 மி.மீ. நீளத்துக்கு வாங்கி, ஏதாவது ஒரு லேத் பட்டறையில் இந்த அளவைச் சொல்லுங்கள்: 60 டிகிரிக் கூம்பு, வாய் 34 மி.மீ., ஆழம் 29 மி.மீ. கொள்ளளவு ஏறத்தாழ 8.9 கன செ.மீ. சுத்த ஈயம் ஊற்றினால் நூறு கிராம், வீல் வெயிட் என்றால் இரண்டு மூன்று கிராம் குறையும். திறந்த கூம்பு என்பதால் இரண்டு பாதியாகப் பிளக்க வேண்டியதில்லை, கவிழ்த்துத் தட்டினால் விழும். உள்பக்கத்தை எமெரி பேப்பரால் வழவழப்பாக்கித் தரச் சொல்லுங்கள். கூர்முனை கீழே மணலில் குத்தி நிற்கும், தட்டையான பக்கத்தில் வளையம் வரும். மணலுக்கு இந்த வடிவம்தான் சரி. உருண்டைக் குண்டு ஓட்டத்தில் உருளும்.

வளையத்துக்கு 1.6 மி.மீ. எஸ்.எஸ். கம்பியோ பித்தளைக் கம்பியோ 6 செ.மீ. வெட்டி, கொண்டை ஊசி போல் வளைத்து, இரண்டு கால் நுனியையும் வெளிப்பக்கம் மடக்குங்கள். ஈயம் எஸ்.எஸ். கம்பியில் ஒட்டாது, மடக்காமல் விட்டால் நாலாவது வீச்சில் வளையம் தனியே கையோடு வரும், குண்டு கடலோடு போகும். அச்சின் வாய்க்குக் குறுக்கே ஒரு ஆணியை வைத்து, கம்பியை அதில் தொங்கவிட்டுவிட்டே ஊற்ற வேண்டும்.

உருக்கும் இடம் திறந்த வெளியாக, காற்று முதுகிலிருந்து வீசுவதாக இருக்கட்டும். மொட்டை மாடி என்றால் வெறும் தளத்தில் வேண்டாம். சிந்தும் ஈயத்தின் சூட்டில் தளத்துக்குள் இருக்கும் ஈரம் பொங்கி, சிமென்ட் சில்லாகத் தெறிக்கும். இரும்புத் தகரத்தை விரித்துக்கொள்ளுங்கள். அடி தடித்த சின்ன இரும்புச் சட்டி, இரும்புக் கரண்டி, அசையாமல் நிற்கும் அடுப்பு. முழுக்கைப் பருத்திச் சட்டை, பேண்ட், ஷூ, கண்ணாடி, தோல் கையுறை. லுங்கி, நைலான் டீ-ஷர்ட், ரப்பர் செருப்பு மூன்றும் கூடாது. குழந்தைகளும் கர்ப்பிணிகளும் இருக்கும் வீட்டில் இந்த வேலையே வேண்டாம். உடம்பில் இவ்வளவு ஈயம் வரை பரவாயில்லை என்று ஒரு அளவே கிடையாது.

ஈயப் புகையைக் காட்டிலும் உடனே அடிக்கக் கூடியது தண்ணீர். ஒரு சொட்டு உருகிய ஈயத்துக்கு அடியில் போனால் ஆயிரத்து அறுநூறு மடங்குக்கு மேல் ஆவியாக விரிந்து, சட்டியில் இருப்பதை முகத்தில் அடிக்கும். காசிமேட்டுப் பக்கம் கிடைக்கும் பழைய வலை ஈயமணிகளில்தான் இந்த ஆபத்து அதிகம். துளைக்குள் உப்பும் மணலும் இறுகி, அதற்குப் பின்னால் ஈரம் ஒளிந்திருக்கும். கம்பியால் குத்திச் சுத்தம் செய்து, நாலைந்து நாள் வெயிலில் போட்டு, சட்டி குளிர்ந்திருக்கும்போதே அதில் வைத்து, அப்புறம் அடுப்பைப் பற்றவையுங்கள். உருகிய பிறகு மேலே புதுத் துண்டு போடுவது என்ற பேச்சே இருக்கக்கூடாது. மேகம் கூடினால் நிறுத்திவிடுங்கள். இன்னொன்று, நம் ஊர் வெக்கையில் நெற்றி வியர்வை சொட்டும். தலையில் துண்டு கட்டிக்கொண்டு உட்காருங்கள்.

உருகியதும் மேலே சாம்பல் நிற ஏடு படியும். பட்டாணி அளவு மெழுகுவர்த்தித் துண்டைப் போட்டால் குப்பென்று பற்றும். அந்தச் சுடரிலேயே அடிவரை கிளறினால் ஏட்டிலிருக்கும் நல்ல ஈயம் கீழே இறங்கிவிடும், கரும்பொடி மட்டும் மேலே தங்கும். அதை வழித்து ஒரு மூடி போட்ட தகர டப்பாவில் சேருங்கள். அந்தப் பொடிதான் ஈயத்திலேயே மோசமான பகுதி, பறக்கும், மூச்சில் போகும். அதற்காகவே N95 முகமூடி. குப்பைத் தொட்டியில் கொட்டாமல் காயலான் கடைக்கே கொடுத்துவிடலாம்.

சூடு 350 முதல் 400 டிகிரி போதும். வெப்பமானி இல்லாவிட்டால் மேற்பரப்பைப் பாருங்கள். வழித்த இடம் வெள்ளி போல் சில நொடி பளபளத்துப் பிறகு மங்கினால் சரி. வழித்தவுடனே பொன்னிறமாக, ஊதாவாக நிறம் ஓடினால் சூடு மீறிவிட்டது, தீயைத் தணியுங்கள்.

அச்சுக்குள் மண்ணெண்ணெய் விளக்கின் கரிப்புகையை மெல்லிய பூச்சாகப் பிடியுங்கள், குண்டு ஒட்டாமல் விழும். அச்சையும் அடுப்போரம் வைத்துச் சூடாக்க வேண்டும். குளிர்ந்த அச்சில் ஊற்றினால் குண்டின் உடம்பில் கிழவியின் கன்னம் போலச் சுருக்கம் விழும், சில நேரம் அடுக்கடுக்காகப் பிரியும். கெட்டுப்போனதென்று கவலைப்பட ஒன்றுமில்லை, முதல் இரண்டும் பெரும்பாலும் அப்படித்தான் வரும். அவற்றை ஒதுக்கி வைத்து அடுத்த முறை குளிர்ந்த சட்டியில் சேருங்கள். மூன்றாவதிலிருந்து அச்சு தானே சூடு பிடித்து நிற்கும். கரண்டியை நிறுத்தாமல் ஒரே ஓட்டமாக, வாய்க்கு மேலே லேசாகக் குவியும் வரை ஊற்ற வேண்டும். இறுகும்போது ஈயம் சுருங்கி நடுவில் குழி விழும், அந்தக் குவியல் அதை நிரப்பத்தான். பளபளப்பு மங்கி அரை நிமிடம் ஆன பிறகு கவிழ்த்து, மரக்கட்டையால் ஒரு தட்டு. தண்ணீரில் போட்டுக் குளிரவைக்க ஆசை வரும். வாளியே பக்கத்தில் இருக்கக்கூடாது. ஒரு கிலோ ஈயத்தில் ஒன்பது குண்டு நிச்சயம்.

ஓட்டம் பலமாக இருக்கும் நாளுக்கு இரண்டு குண்டில் கொக்கிக் கால் வைத்துக்கொள்ளுங்கள். கூம்பின் நடு உடம்பில் 2 மி.மீ. துளை இரண்டு, ஒன்றுக்கொன்று குறுக்காக, மேல் கீழாக. ஈயத்தில் வேகமாகத் துளையிட்டால் பிட் சிக்கிக்கொள்ளும். மெதுவாக, ஒரு சொட்டு எண்ணெய் விட்டுப் போடுங்கள். 1.2 மி.மீ. எஸ்.எஸ். கம்பியை நுழைத்து நான்கு காலாக மேல்நோக்கி வளைத்தால் நங்கூரம் மாதிரி மணலைப் பிடிக்கும்.

வீசும்போது ரீலின் பிரேக்கை (நரம்பு நழுவுவதைக் கட்டுப்படுத்தும் திருகு) முழுதாக இறுக்கிவிடுங்கள். தளர்வாக இருந்தால் விரல் பிடித்திருக்கும் நரம்பு வீச்சின் நடுவில் வழுக்கி விரலை அறுக்கும். ஆள்காட்டி விரலுக்குப் பழைய சைக்கிள் டியூபில் ஒரு உறை வெட்டிப் போட்டுக்கொள்ளலாம். ராடு முனையிலிருந்து குண்டு மூன்று நாலடி தொங்கட்டும். பின்னால் ஆள் இருக்கிறார்களா என்று தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, இடது கையை வயிற்றுப் பக்கம் இழுத்து, வலது கையைத் தள்ளி, ராடு தலைக்கு மேலே வந்து சற்று முன்னே சாயும்போது விரலை விடுங்கள். குண்டு வானத்துக்குப் போனால் சீக்கிரம் விட்டீர்கள், முன்னால் தண்ணீரில் அறைந்தால் தாமதம். சாட்டை மாதிரி வெட்டி இழுப்பதால் தூரம் கூடாது, இறால்தான் முள்ளிலிருந்து பறக்கும். இரையை மெல்லிய ரப்பர் நூலால் நாலு சுற்று சுற்றிவிடுவது நல்லது. குண்டு விழுந்ததும் பிரேக்கைத் தளர்த்துங்கள். இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலை நரம்பில் கட்டித் தூக்கினால் லேசாக நழுவ வேண்டும், அதுதான் அளவு.

தூண்டில் வளைவின் கல்லிடுக்கில் இந்தக் குண்டை வீசாதீர்கள், பாதி திரும்பி வராது. அங்கே பைக் மெக்கானிக் கடையில் தூக்கிப்போடும் ஸ்பார்க் பிளக் போதும், அதுவும் நாலைந்து கிலோவில் அறும் மெல்லிய நரம்பில் கட்டி. சிக்கினால் பிளக் மட்டும் போகும், முள்ளும் மீனும் வரும். ஆற்றுப் பக்கம் சின்னச் சின்ன ஈயமணிகளைச் சிந்தவும் வேண்டாம், கரைப் பறவைகள் பொடிக்கல் என்று நினைத்து விழுங்கிவிடும். இங்கிலாந்தில் அன்னங்கள் அப்படிச் செத்ததால்தான் 1987ல் சின்ன அளவு ஈயக் குண்டுகளைத் தடை செய்தார்கள்.

கெளுத்தி மாட்டினால் வெறுங்கையால் பிடிக்காதீர்கள். முதுகிலும் பக்கவாட்டிலும் இருக்கும் முள் குத்தினால் அன்றைய தூண்டில் அதோடு முடிந்தது.

வீடு திரும்பியதும் ரீலின் பிரேக்கை இறுக்கி, நல்ல தண்ணீரைக் கையால் தெளித்துக் கழுவி, நிழலில் காயவிடுங்கள். நம் பக்கம் பல தெருக்களில் போர் தண்ணீரே உப்புக் கரிக்கும், அதில் கழுவினால் கழுவாததற்குச் சமம். மெட்ரோ தண்ணீர் ஒரு சொம்பு போதும். உப்புப் பட்ட குண்டுகளில் வெள்ளைப் பொடி பூக்கும், கையில் ஒட்டும். எனாமல் பெயின்ட் ஒரு கோட் அடித்தால் பூக்காது. சின்ன ஈயத்தைப் பல்லால் கடித்து நரம்பில் நசுக்கும் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள், அதற்குப் பிளேயர் இருக்கிறது. கரையில் பஜ்ஜி வாங்கும் எண்ணம் இருந்தால் பையில் ஒரு சோப்பும் ஒரு பாட்டில் தண்ணீரும் தனியாக இருக்கட்டும்.